உந்த உவமை ஆற்ர வாயால வருது? மகள் போற சனிக்கிழமை வாசிப்பு வகுப்பைப் பற்றி

மகளை இந்த வகுப்புக்கு விட்டு எட்டு மாசம் ஆகுது, இப்ப தான் இதைப் பற்றி எழுதலாம் எண்டு எனக்கு ஒரு துணிவு வந்திருக்கு, ஏன் எண்டா ஒரு வகுப்பு நல்லதோ கூடாதோ எண்டு ரெண்டு மாசத்தில சொல்லேலாது, பிள்ளை முதல் மாசம் புதுசு எண்டு ஓடுவாள், ரெண்டாம் மாசம் சிநேகிதப் பிள்ளையள் எண்டு ஓடுவாள், அதுக்குப் பிறகும் சனிக்கிழமை ரெண்டரைக்கே சைக்கிளைத் துடைச்சு வைச்சிட்டு நிண்டா தான் அதில ஏதோ இருக்கு எண்டு அர்த்தம்.

இது யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில நடக்கிறது. பெயர்ப் பலகை ஒண்டும் இல்லை. ரீச்சர் முந்தி பள்ளிக்கூடத்தில ஆங்கில இலக்கியம் படிப்பிச்சு பென்சன் எடுத்தவ, தமிழும் வடிவாத் தெரிஞ்சவ. 13 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் பதினாலு பிள்ளையள். சனி பின்னேரம் மூண்டு மணிக்குத் தொடங்கி அஞ்சுக்கு விடுறது, மாசம் 1500 ரூபா. வாசிக்கிறது முழுக்க அந்த வயசுப் பிள்ளையளுக்கு எழுதின ஃபன்ரஸிக் கதையள், மந்திரவாதி, பறவைநாகம் எண்ட ட்ராகன், மலைக்குள்ள கதவு, அந்த மாதிரி.

நான் முதல்ல சரியான தயக்கத்தோட தான் விட்டனான். ஓ எல் சோதனை வரப்போகுது, இந்த நேரத்தில பறவைநாகக் கதை வாசிச்சு என்ன செய்யிறது எண்டு வீட்டில அவரும் கேட்டவர். ஆனா அதுக்கு முன்னம் மகள் போன ஒரு ரியூசனில உவமை எண்டா என்ன எண்டு குடுத்த நோட்ஸை நான் பாத்தனான், 'லைக்', 'அஸ்' வந்தா சிமிலி, அதாவது உவமை, வராட்டி மெற்றஃபர், அதாவது உருவகம், அவ்வளவு தான், கீழ பத்து வசனம், பத்துக்கும் கோடு போட்டிருக்கு, பத்துக்கும் சரி விழுந்திருக்கு. நான் பிள்ளையிட்டக் கேட்டனான் இந்த வசனத்தைச் சொன்ன ஆள் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு. அவள் என்னைப் பாத்தாள், ஆள் இல்லை அம்மா, இது எக்ஸாம்பிள் எண்டாள். அது எனக்கு நெஞ்சில குத்திச்சுது. ஏன் எண்டா என்ர அம்மம்மா ஒரு நாளைக்கு இருபது உவமை சொல்லுவா, ஒண்டு கூட ஆள் இல்லாத உவமை இல்லை. ஆராவது பிந்தி வந்தா 'கிணத்துக்குள்ள விழுந்த வாளி மாதிரி இவ்வளவு நேரமும் எங்க கிடந்தனி' எண்டுவா. அந்த ஒரு வசனத்தில அவ எந்த வீட்டில வளந்தவ, விடிய எழும்பி என்ன செய்தவ, கயிறு அறுந்து வாளி போனா அந்த வீட்டில என்ன பாடு எண்டு எல்லாம் இருக்கு.

இந்த ரீச்சர் தொடங்கிறதே அங்க இருந்து தான். முதல் நாள் பெற்றாரையும் இருக்கச் சொன்னவ, அதால நானும் விறாந்தைக் கட்டில இருந்து கேட்டனான். தொல்காப்பியத்தில உவமை எதால பிறக்குது எண்டு நாலு சொல்லியிருக்கு, வினை, பயன், மெய், உரு, அதாவது செய்கையால ஒக்கும், விளைவால ஒக்கும், வடிவத்தால ஒக்கும், நிறத்தால ஒக்கும் எண்டு. அதை ஒரு பத்து நிமிசத்தில சொல்லி முடிச்சிட்டு, இது நாலும் உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலயும் வரும், இஞ்ச நாங்கள் அஞ்சாவதா ஒண்டு கேக்கப் போறம் எண்டு சொல்லி பலகையில எழுதினவ: 'உந்த உவமை ஆற்ர வாயால வருது?' இந்த எட்டு மாசமும் அந்த ஒரு கேள்வி தான் பாடம். வேற ஒண்டும் இல்லை எண்டே சொல்லலாம்.

பிறகு குறுந்தொகையில 131 ஆவது பாட்டைச் சொன்னவ. அதில ஒருத்தன் வேலைக்கெண்டு தூரப் போயிருக்கிறான், அவளின்ர ஊர் எட்டத்தில இருக்கு, திரும்பி வரத் துடிக்கிறான். அதை எப்பிடிச் சொல்லுறான் எண்டா, மழை பெய்ஞ்சு ஈரம் பட்ட நிலத்தில ஒரே ஒரு ஏர் வைச்சிருக்கிற உழவன் மாதிரி என்ர நெஞ்சு அவதிப்படுது எண்டு. அந்தப் புலவரின்ர பெயர் எங்களுக்குத் தெரியாது, அந்த உவமையை வைச்சு ஓரேருழவனார் எண்டு தான் இண்டைக்கும் சொல்லுறம். ரீச்சர் கேட்டா, ஏன் ஒரு ஏர்? ஒரு பெடியன், கிளிநொச்சிப் பக்கம் வயல் இருக்கிற வீட்டுப் பிள்ளை போல, அவன் டக்கெண்டு சொன்னான், ஈரம் காயமுதல் உழுது முடிக்கோணும் ரீச்சர், ஆக்கள் கனக்க ஏர் வைச்சிருந்தா ஆறுதலாச் செய்வினம், ஒண்டு தான் இருக்கு எண்டா அவன் ஓடோணும். அவ்வளவு தான், விறாந்தை முழுக்க விளங்கிட்டுது. அவசரம் எண்ட சொல்லுக்குப் பதிலா அந்த மனிசன்ர காணியும் ஏரும் வந்து நிக்குது. மண் தெரிஞ்ச ஒருத்தர் தான் உதைச் சொல்லியிருக்கேலும் எண்டு ரெண்டாயிரம் வருசத்துக்குக் கிட்ட ஆன பிறகும் ஒரு பதினாலு வயசுப் பெடியனுக்குத் தெரியுது.

அதுக்குப் பிறகு தான் ஃபன்ரஸி. ரீச்சர் தானே எழுதின ஒரு பக்கத்தைக் குடுத்தவ, நான் அதின்ர கொப்பி ஒண்டு இன்னும் வைச்சிருக்கிறன். இரவு, மலையில ஒரு பெரிய கதவு, உள்ளுக்குப் பறவைநாகம் ஒண்டு நித்திரை, வெளியில மூண்டு பேர் நிண்டு அதின்ர மூச்சைக் கேக்கினம். பெயர் எல்லாம் கறுப்பால அடிச்சிருக்கு, மூண்டு வசனம் மட்டும் தெரியுது. ஒராள் சொல்லுது, வள்ளத்தைக் கரைக்கு இழுக்கேக்க மணலில உராயுற மாதிரிக் கேக்குது, ஒருக்கா இழுத்து ஒருக்கா நிண்டு. மற்ற ஆள், துருத்தி மாதிரி, இது நிண்டா நெருப்பு அணைஞ்சிடும். மூண்டாவது ஆள், கதவுக்கு அங்கால நிண்டு ஒட்டுக்கேக்கிற ஒருத்தர் மூச்சை அடக்கி அடக்கி விடுற மாதிரி.

பிள்ளையள் முதல் ரெண்டையும் உடன பிடிச்சிட்டுதுகள், மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, கொல்லன்ர வீட்டுப் பிள்ளை எண்டு. மூண்டாவதில கொஞ்ச நேரம் நிண்டுதுகள். ஒருத்தி சொன்னாள் அது கள்ளன். மகள் சொன்னாள், இல்லை, கள்ளன் எண்டா ஒட்டுக்கேக்கிறவன் அவன் தான், இது ஒட்டுக்கேக்கப்பட்ட ஆள், பெரிய வீட்டில, அரண்மனையில வளந்த ஆள், அவனுக்கு ஒருத்தரையும் நம்பேலாது எண்டு. நான் அப்பிடியே இருந்திட்டன். அந்தப் பக்கத்தில அரண்மனை எண்ட சொல்லே இல்லை. இளவரசன் எண்டும் இல்லை. பிறகு ரீச்சர் கேட்டா, மூண்டு பேரில ஆர் முதல்ல கதவைத் திறந்து உள்ள போவினம்? கொல்லன்ர பிள்ளை எண்டு முக்கால்வாசிப் பேர் கை உயர்த்திச்சுதுகள், ஏன் எண்டா அவனுக்கு மட்டும் அந்தச் சத்தம் வேலைச் சத்தம், பயச் சத்தம் இல்லை. ஒரு உவமையில இருந்து கதை எங்க போகும் எண்டு சொல்லுற அளவுக்குப் பிள்ளையளைக் கொண்டு வந்திட்டா, அதுவும் முதல் நாளே.

ஏன் ஃபன்ரஸி, வேற கதையள் இல்லையோ எண்டு நானும் கேட்டனான். ரீச்சர் சொன்ன காரணம் எனக்கு முழுக்கச் சரியாப் பட்டுது. ஃபன்ரஸியில எழுதுறவருக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு, அந்த உலகத்தில இல்லாத ஒண்டோட அந்த உலகத்து ஆள் ஒப்பிடேலாது. ரயில் இல்லாத உலகத்தில ரயில் மாதிரி எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. அதால உவமை ஒவ்வொண்டும் அந்த ஆள் எங்க பிறந்தது, எதைப் பாத்தது, எதைப் பாக்கேல்லை எண்டதுக்குச் சாட்சி. மற்றது, அங்க உருவகம் உண்மையாவே நடக்கும். இஞ்ச ஒரு கதையில 'அவளின்ர மனம் கல்லாப் போட்டுது' எண்டு வாசிச்சா எங்களுக்கு விளங்கும், அங்க அப்பிடி வாசிச்சா உண்மையாவே கல்லாப் போட்டுதோ எண்டு ஒருக்கா நிண்டு பாக்கோணும். அந்த நிண்டு பாக்கிற பழக்கம் தான் வாசிப்பு எண்டு ரீச்சர் சொன்னவ.

இதுக்கு அவ எடுத்த கதையள் மூண்டைச் சொல்லுறன். ஃபிலிப் புல்மன் 1995 இல எழுதின நோர்தேர்ண் லைற்ஸ் எண்ட கதையில ஆக்களின்ர ஆன்மா வெளியில ஒரு மிருகமா அவையளோடயே திரியும், டீமன் எண்டு சொல்லுவினம். சின்னப் பிள்ளையளின்ர டீமன் நினைச்ச நேரம் உருவம் மாறும், வளந்தாப் பிறகு ஒரு உருவத்திலயே நிண்டிடும். வேலைக்காரரின்ர டீமன் கூடுதலா நாய். வடிவான, நல்லாக் கதைக்கிற ஒரு பொம்பிளை வாறா, அவவின்ர டீமன் பொன் நிறக் குரங்கு, அவ சிரிச்சுக்கொண்டு இருக்கேக்க அந்தக் குரங்கு என்ன செய்யுது எண்டு பாத்தா ஆளைத் தெரியும். அதாவது 'இவ உள்ளுக்கு வேற மாதிரி' எண்ட ஒரு உருவகத்துக்குக் கையும் காலும் குடுத்து நடக்க விட்டிருக்கிறார். ஹரி பொட்டர் எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியும், 1999 இல வந்த மூண்டாவது புத்தகத்தில போகார்ட் எண்டு ஒண்டு, அது ஆர் முன்னால நிக்குதோ அவற்ர பயத்தின்ர உருவத்தை எடுக்கும். ஹரியின்ர சிநேகிதன் ரொனுக்குச் சிலந்தி, அவையளோட படிக்கிற நெவிலுக்கு அவன்ர வாத்தியார். நெவிலுக்கு வாத்தியார் எண்ட இடத்தில ஒரு பிள்ளையும் சிரிக்கேல்லையாம், மகள் வந்து சொன்னாள், எனக்கு அது மனசில நிண்டிட்டுது.

மூண்டாவது உர்சுலா லெ குவின் 1968 இல எழுதின ஏர்த்ஸீ கதை, ஒரு பெடியன் பெருமைக்கு மந்திரம் செய்து ஒரு நிழலை அவிட்டு விட்டிட்டு, அது துரத்த ஓடி, பேந்து அவனே திரும்பி அதைத் துரத்திப் போறது. கதை நல்ல ஆழம், ஆனா 13 வயசுப் பிள்ளையளுக்கு அது மெதுவா இருந்திருக்கு எண்டது என்ர அபிப்பிராயம், மகளுக்கும் நடுவில ரெண்டு கிழமை இழுபட்டுது, ரீச்சர் அதை ஒரு வருசம் பிந்தி எடுத்திருக்கலாம்.

எனக்கு ஆகப் பிடிச்சது, நல்ல உவமை மட்டும் இல்லை, பிழையான உவமையையும் பிள்ளையள் இப்ப பிடிக்குதுகள் எண்டது தான். இந்த வயசுக்கு எண்டு வாற புத்தகங்களில கொஞ்சம் ஒவ்வொரு பந்தியிலயும் உவமையாக் கொட்டும், கண் அப்பிடி, தலைமயிர் இப்பிடி எண்டு. மகள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினாள், அதில வாற பெட்டை பாலைவனத்தில பிறந்து வளந்தவள், கடலையே கண்டதில்லை எண்டு முதல் அதிகாரத்தில இருக்கு, அஞ்சாம் அதிகாரத்தில அவள் ஒருத்தனைப் பாத்து அவன்ர கண் புயல் நேரத்துக் கடல் மாதிரி எண்டு நினைக்கிறாள். அம்மா இது அவள் சொல்லேல்லை, எழுதினவர் சொல்லுறார், அந்த இடத்தில அவள் இல்லாமப் போட்டாள் எண்டாள். இதுக்கு நான் என்ன சொல்ல. ரியூசனில ஆள் இல்லை எக்ஸாம்பிள் எண்டு சொன்ன அதே பிள்ளை.

மற்றது கலர் பென்சில் வேலை ஒண்டு இருக்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறம், அந்த ஆள் சொல்லுற உவமை எல்லாத்துக்கும் கீழ அந்த நிறத்தில மெல்லிசாக் கோடு, ஃபொட்டோகொப்பியில தான், புத்தகத்தில இல்லை. கதை முடியேக்க அந்த நிறத்தை மட்டும் முதல்ல இருந்து வாசிக்கிறது. அப்ப தெரியும், தொடக்கத்தில எல்லாத்தையும் கூடு, கயிறு, பூட்டு எண்டு பாத்த ஆள் கடைசீல விதை, பாதை எண்டு பாக்குது எண்டு, இல்லாட்டி கடைசி வரைக்கும் மாறவே இல்லை எண்டு. மனிசரைப் பற்றிக் கதைக்கேக்க எப்பவும் காய் நகர்த்திற பேச்சு, ஆயுதப் பேச்சு பேசுற பாத்திரத்தைப் பிள்ளையள் அந்த ஆள் கெட்டது செய்ய முன்னமே சந்தேகப்படுதுகள். கொஞ்ச நேரம் அது பிழைச்சும் போகும், ஒரு கதையில அப்பிடிப் பேசினவன் தான் கடைசீல எல்லாரையும் காப்பாத்தினவன், மகளுக்குச் சரியான கோபம். ரீச்சர் அதுக்கு ரெண்டு கிழமை எடுத்து, அவன் ஏன் அப்பிடிப் பேசப் பழகினான் எண்டு பின்னால தேடிப் பாக்க வைச்சவ. அவன் சின்னனிலயே படையில விடப்பட்ட பிள்ளை. வேற சொல்லு அவனுக்கு ஒருத்தரும் குடுக்கேல்லை.

இனி நான் இதை எழுதுறதுக்கு உண்மையான காரணம். ஆறாம் மாசம் பிள்ளையளையே எழுதச் சொன்னவ, காட்டில மூலிகை பிடுங்கிற ஒரு பெட்டை முதல் தரம் ராணிக்கு முன்னால போய் நிக்கிறாள், ராணி சிரிக்கிறா, அந்தச் சிரிப்பை எழுதோணும். மகள் எழுதினாள், சோதனை மண்டபத்தில பேப்பரைக் கவிட்டு வைச்சிட்டு இன்னும் திருப்பாதேங்கோ எண்டு சொல்லுற மாதிரி ராணி சிரிச்சா எண்டு. ரீச்சர் அதை வெட்டேல்லை. பக்கத்தில பென்சிலால சின்னனா எழுதியிருந்தவ: 'நல்லா இருக்கு. ஆனா இது அவளின்ரை இல்லை, உன்ர. அவளின்ர காட்டில சோதனை மண்டபம் இல்லை. இதை உன்ர கதைக்கு எடுத்து வை.'

அந்தக் கொப்பி மேசையில திறந்தபடி கிடந்தது, நான் தேத்தண்ணி கொண்டு போன நேரம் கண்ணில பட்டுது. நான் அதிலயே கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டன். ஒரு சிரிப்பைப் பாத்தாலே சோதனைப் பேப்பர் ஞாபகம் வாற அளவுக்கு இந்தப் பிள்ளைக்குள்ள அந்தப் பயம் இருந்திருக்கு, நாங்கள் ரெண்டு பேரும் நல்லாப் படிக்கிறாள் தானே எண்டு இருந்திட்டம். அண்டிரவு அவரோட கதைச்சு, அடுத்த நாள் பிள்ளையோடயும் கதைச்சு, கிழமையில ஆறு ரியூசன் இருந்ததை நாலாக் குறைச்சனாங்கள். ஓ எல் பக்கத்தில வரேக்க இப்பிடிச் செய்யிறது சரியோ எண்டு சொந்தக்காரர் கேட்டவை தான். எனக்கு அதில ஒரு துளி கவலையும் இல்லை. இப்ப பிள்ளை இரவில நித்திரை கொள்ளுறாள்.

ராணியின்ர சிரிப்பை மகள் திருப்பி எழுதினதையும் சொல்லவேணும். 'எந்த இலையில நஞ்சு எண்டு சொல்லாம ஒரு கட்டை அவிட்டு என்ர முன்னால விரிச்ச மாதிரி சிரிச்சா.' இதை ரீச்சர் வகுப்பில வாசிச்சுக் காட்டினவவாம்.

குறையளும் இருக்கு, மறைக்கேல்லை. பதினாலு பிள்ளைக்கு ஒரு புத்தகத்தில ஆறு பிரதி தான், ஒண்டை ரெண்டு மூண்டு பேர் மாத்தி மாத்திக் கொண்டு போகவேணும், நல்ல இடத்தில நிக்கேக்க குடுக்கவேண்டி வரும். கதையள் எல்லாம் இங்கிலீசில, ரீச்சர் வாசிச்சுத் தமிழில விளங்கப்படுத்துவா, பிள்ளையள் தமிழிலயும் எழுதலாம், எண்டாலும் இங்கிலீஸ் கொஞ்சம் குறைஞ்ச பிள்ளையள் தொடக்கத்தில பின்னுக்குப் போய் இருக்குதுகள், அதுகளுக்கு எண்டு ஒரு அரை மணித்தியாலம் முன்னம் வைச்சா நல்லது, நான் ரீச்சரிட்ட நேர சொல்லியும் இருக்கிறன். எங்கட பிள்ளையளின்ர வயசுக்குத் தமிழில எழுதின ஃபன்ரஸி நாவல் ஒண்டும் இந்த எட்டு மாசத்தில எடுக்கேல்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை, பனங்காட்டையும் துலாவையும் கண்ட பிள்ளை அதுகளால ஒரு மந்திர உலகத்தை ஆராவது கட்டியிருக்கிறதையும் வாசிக்கவேணும். விறாந்தைக்கு மேல தகரம், பங்குனி சித்திரையில வெக்கை தாங்கேலாது, ஃபான் ஒண்டு தான். மழை நாளில தகரத்தில விழுற சத்தத்துக்கு ரீச்சரின்ர குரல் பின்னுக்கு இருக்கிற பிள்ளைக்குக் கேக்காது. புள்ளி, ரிப்போர்ட் ஒண்டும் தரமாட்டா, அது வேணும் எண்டு நினைக்கிற பெற்றாருக்கு இந்த வகுப்பு சரிவராது.

எனக்குக் குடுத்த 1500 ரூபாவுக்கு மேலயே கிடைச்சிருக்கு, சின்னவனையும் வயசு வந்த உடன விடுறதெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். புதுப் பிள்ளையள் எடுக்கிறது தை மாசத்தில மட்டும் தான், இடம் குறைவு, மார்கழியிலயே போய்ச் சொல்லி வையுங்கோ. ஒற்றை ரூல் கொப்பி ஒண்டு, கலர் பென்சில் ஆறு, தண்ணிப் போத்தல் ஒண்டு குடுத்து விடுங்கோ. முதல் நாள் உங்களையும் இருக்கச் சொல்லுவா, வேலை இருக்கு எண்டு எழும்பி வந்திடாதேங்கோ.